இடம் குறிப்பிடாத கட்டுரை

வியாழன் நாலு மணிக்குள்
தொள்ளாயிரம் சொல் வேணுமாம் குகமூர்த்திக்கு.
முழங்கால் மட்டும் சேற்றில் நின்று
"ஓம் அண்ணை, முக்கால்வாசி முடிஞ்சுது" என்கிறேன்.
முடிந்தது தலைப்பு மட்டும்.

நேற்றுப் பதினேழு அடிக்கட்டை.
இன்று இருபத்தாறு.
கண்ணாவோடு சேர்த்துத் தில்லையும் விழுந்திருக்கிறது.
வெட்டுவாயில் பால் இன்னும் காயவில்லை.
கண்ணில் தெறித்தால் பார்வையைப் பறிக்கிற பால்;
வெட்டினவர் கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டியிருப்பார்.
காவல் இருக்க வேண்டியவர்களும் அப்படியே.

கொடிகாமத்தில் என் அறைக் கதவோரம்
எட்டு நாளாய் நிற்கிறது கட்டி வைத்த பயணப்பை.
வெள்ளி விடியற்புறம் பவானந்தன் ஜீப் கொண்டு வருவார்:
வன்னிக்குள் நாலு நாள் நடை,
பாலையும் வீரையும் நெருங்கி
வெயில் நிலத்தில் விழாத காடு,
போன மாரிக்குப் பிறகு நான் போகாத காடு.
பைக்குள் இருந்த பிஸ்கட்
எறும்புகளோடு எனக்கு முதலே புறப்பட்டுவிட்டது.

வன இலாகாவில் ஒரு பெடியன், புது நியமனம்.
என் முறைப்பாட்டை இரண்டு தரம் வாசித்தான்.
"அக்கா, வடிவா எழுதியிருக்கிறியள்.
ஆனால் எல்லைக்கல் எங்கையெண்டு இல்லையே.
மூன்று பிரதி வேணும். உவமை வேண்டாம்."

உவமை வேண்டாம்.
பஸ்ஸில் திரும்பும்போது அந்த இரண்டு சொல்லையும்
புளியங்கொட்டை மாதிரி வாய்க்குள் உருட்டிக்கொண்டு வந்தேன்.
(அதுவும் உவமைதான்.)

பின்னேரம் லாண்ட்மாஸ்ரர் சத்தம்.
ஒளிக்கவில்லை அவர்.
தடிகளை ஏற்றி, கயிறு இழுத்துக் கட்டி,
முகத்தைத் துடைத்துக்கொண்டு தானே வந்து கதைத்தார்.
பெயர் அரியகுட்டி. இறால் பண்ணைக்காரருக்குத் தடி,
ஒரு லோட்டுக்கு இவ்வளவு, மகளுக்கு ரியூசன் காசு.
"நீங்கள்தானே பேப்பரில எழுதுற பிள்ளை?
மாசியில நாரையளைப் பற்றி எழுதினியள்.
சேர்ச் தாண்டி இடக்கை ஒழுங்கை,
உப்புத்தண்ணி வாய்க்கால், பிறகு காடு...
அதுக்கு முன்னம் இப்பிடி ஒரு இடம் இருக்கிறதே
எனக்குத் தெரியாது, பிள்ளை."

மாசிக் கட்டுரை.
வங்கியில் காசாளர்கூட எழும்பி நின்று பாராட்டிய கட்டுரை.
அடுத்த ஞாயிறு மூன்று வான் வந்ததும்
கூடுகளுக்கு மேலே டிரோன் இரைந்ததும்
நாரைகள் எழும்பின இடைவெளியில்
காகங்கள் முட்டைக்கு இறங்கியதும்
குறிப்புப் புத்தகத்தில் மட்டும் இருக்கிறது.
அதை நான் ஒருவருக்கும் அனுப்பவில்லை.

புதன் இரவு இரண்டு எழுதினேன்.
ஒன்றில் இடம் மட்டும்:
பாகை, கலை, விகலை, அடிக்கட்டைச் சுற்றளவு,
மூன்று பிரதி, கார்பன் தாளால் விரலெல்லாம் நீலம்.
மற்றதில் இடமே இல்லை:
சேறு மூச்சுவிடுகிற சத்தம்,
வற்று முடிய முன்னம் நண்டு
தன் வளைக்கு வாசல் அடைக்கிற விதம்,
தில்லைப் பால், அரியகுட்டியின் கயிற்று முடிச்சு.

குகமூர்த்தி எடுத்தார்.
"எங்கை பிள்ளை இது? வாசகர் கேப்பினம்."
"யாழ்ப்பாணத்தில. கடல் உள்ளுக்கு வந்து போற பக்கம்."
"அது முழு யாழ்ப்பாணமும்தானே."
"ஓம்."

வெள்ளி, ஒழுங்கை முனையில்
ஜீப் இரண்டு தரம் ஹோர்ன் அடித்துப் போனதாம்.
நான் அந்தப் பெடியனோடு
எல்லைக்கல் தேடிச் சேற்றுக்குள்
கம்பு குத்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஒரு படம் வந்தது:
ஈர மணலில் கரடித் தடம்,
அளவுக்குப் பக்கத்தில் ஒரு பேனை.
என்னுடைய பேனை, எப்போதோ இரவல் போனது.
எங்கே என்று பவானந்தன் எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.